கோ சண்டை: ஒற்றைக் கல்லுக்குப் பலகை முழுக்க அடிதடி

இகோ என்கிற (ஆங்கிலத்தில் Go) கறுப்பு வெள்ளைக் கல் ஆட்டத்தைப் புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் வந்து முட்டி நிற்கிற இடம் ஒன்று உண்டு. கோடுகள் வெட்டிக்கொள்கிற புள்ளியில் கல் வைக்கவேண்டும், சுற்றி அடைத்தால் கல்லைப் பிடிக்கலாம், இரண்டு கண் (தன் கல்லாலேயே சுற்றி அடைத்த காலி இடம்) வைத்திருக்கிற கூட்டம் சாகாது, இதெல்லாம் நாலு ஆட்டத்தில் பிடிபட்டுவிடும். அப்புறம் ஒரு நாள் எதிராளி உங்கள் கல் ஒன்றைப் பிடிப்பார், நீங்களும் அதே வேகத்தில் அவர் கல்லைத் திருப்பிப் பிடிக்கக் கை நீட்டுவீர்கள், "அங்க இப்ப வைக்கக் கூடாது வே, வேற எங்கயாச்சும் ஒரு கல்லப் போட்டுட்டு வாரும்" என்பார். வேறு எங்கே? எதற்கு? இதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததால் நிறையப் பேர் அன்றோடு கோ என்கிற இந்தச் சண்டை வந்தாலே ஒதுங்கிப்போகப் பழகிவிடுகிறார்கள். ஒதுங்குகிறவரை எதிராளி கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் கோவைக் காட்டிக் காட்டியே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். ஆட்டத்தின் பெயரையும் இந்தச் சண்டையின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் கோ என்றே வரும். அதனால் ஆட்டத்தை ஜப்பானியர் சொல்கிறபடி இகோ என்கிறேன். கோ என்று நான் எழுதுகிற இடமெல்லாம் இந்தச் சண்டைதான். ஒரு கல்லை ஒட்டி மேல், கீழ், இடம், வலம் இருக்கிற காலிப் புள்ளிகளை மூச்சு என்போம். மூலைவாக்கில் இருப்பது கணக்கில் வராது. ஒரே ஒரு மூச்சு மிச்சம் இருந்தால் அது அடாரி.

பாளையங்கோட்டையில் நாங்கள் சில பேர், தெற்கு பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருத்தர் கடையின் பின்கட்டில் ஆடுகிறோம். பலகை என்பது மார்க்கரில் கோடு போட்ட பிளைவுட். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குச் சட்டைப் பொத்தான். முழுப் பலகை 19-க்கு 19, மொத்தம் 361 புள்ளி. அத்தனை பொத்தானுக்கு எங்கே போவது, அதனால் 13-க்கு 13 பலகைதான் எங்களுக்கு வழக்கம். கோ படிக்க அது தாராளமாகப் போதும்.

இப்போது இதைப் பாருங்கள். ● கறுப்பு, ○ வெள்ளை, + காலிப் புள்ளி.

+ ● ○ +
● ○ + ○
+ ● ○ +

நடு வரியில் இருக்கிற வெள்ளைக் கல்லுக்கு மூன்று பக்கமும் கறுப்பு. வலப்பக்கம் மட்டும் ஒரு மூச்சு. கறுப்பு அந்தக் காலிப் புள்ளியில் கல்லை வைத்தால் வெள்ளை பிடிபடும். பிடித்த பிறகு:

+ ● ○ +
● + ● ○
+ ● ○ +

இப்போது கறுப்பு வைத்த கல்லுக்கும் ஒரே ஒரு மூச்சுதான். வெள்ளை அந்த இடத்தில் வைத்தால் அதுவும் பிடிபட்டு, பழைய படம் அப்படியே திரும்பி வரும். திரும்பக் கறுப்பு, திரும்ப வெள்ளை என்று விடிய விடியப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். செஸ்ஸில் ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம். இகோ அப்படி விடுவதில்லை. ஒருத்தர் கோவைப் பிடித்த உடனே மற்றவர் அதே இடத்தில் திருப்பிப் பிடிக்கக் கூடாது, முதலில் பலகையில் வேறு எங்காவது ஒரு கல் வைக்கவேண்டும், அடுத்த முறை வரும்போது கோ இன்னும் திறந்திருந்தால் பிடித்துக்கொள்ளலாம். விதி இவ்வளவுதான்.

அந்த "வேறு எங்காவது" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சும்மா ஒரு மூலையில் கல்லைப் போட்டால் எதிராளி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கோ நடக்கிற இடத்தில் காலியாக இருக்கிற புள்ளியைத் தன் கல்லால் மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார், சண்டை முடிந்தது. அவர் மூடாமல் இருக்கவேண்டுமானால் நீங்கள் வைக்கிற கல்லுக்கு அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். பதில் சொல்லாவிட்டால் பெரிய நஷ்டம் என்று அவருக்குத் தெரியவேண்டும். அப்படி ஒரு கல்லைத்தான் மிரட்டல் என்கிறோம்.

கன்னடியன் கால்வாய்ப் பக்கம் வயல் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் குறைந்த கார் பருவத்தில் பக்கத்து வயல்காரர் மடையைத் தன் பக்கம் வெட்டிவிட்டு மம்மட்டியோடு அங்கேயே நிற்கிறார் என்றால் நேராகப் போய் மடையைத் திருப்ப முடியாது, கைகலப்பாகிவிடும். அவருடைய எருமையை அவிழ்த்து அவர் வாழைக்குள்ளேயே விட்டால்? ஐயோ என்று ஓடுவார். ஓடிப் பிடித்துக் கட்டிவிட்டு வருவதற்குள் மடை உங்கள் பக்கம். அடுத்து அவர் உங்கள் வைக்கோல் படப்புப் பக்கம் போவார், நீங்கள் ஓடுவீர்கள். யாரிடம் அவிழ்த்துவிட மாடு அதிகம் இருக்கிறதோ அவர் வயல் நனையும். அவிழ்த்துவிட்டது ஒரு கோழிக்குஞ்சு என்றால் ஒருத்தரும் மடையை விட்டு அசையமாட்டார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கல்லுக்கு இவ்வளவு கூத்தா என்றால், கல் ஒன்றுதான், அதன்மேல் தொங்குவது வேறு. கீழே உள்ள படத்தில் இடதுபக்க மேல் மூலையைப் பாருங்கள். மேல் வரியும் இடது ஓரமும் பலகையின் விளிம்பு. வரியை மேலிருந்தும் புள்ளியை இடமிருந்தும் எண்ணிக்கொள்ளுங்கள்.

+ ○ + ○ ● +
○ ○ ○ ● + ●
● ● ○ ○ ● +
+ + ● ● + +

வெள்ளைக் கூட்டத்துக்கு மூலையில், அதாவது முதல் வரியின் முதல் புள்ளியில், ஒரு கண் உறுதி. முதல் வரியின் மூன்றாவது புள்ளி இரண்டாவது கண் மாதிரித் தெரிகிறது, ஆனால் இன்னும் நிச்சயமில்லை. இரண்டாவது வரியின் நான்காவது புள்ளியில் உட்கார்ந்திருக்கிற கறுப்புக் கல்தான் தகராறு. கறுப்பு அதற்கு வலப்பக்கத்துக் காலிப் புள்ளியை (இரண்டாவது வரி, ஐந்தாவது) மூடிவிட்டால் அந்தக் கண் பொய்க்கண், அதாவது கறுப்பு உள்ளே புகுந்து உடைத்துவிடக்கூடிய கண், ஏழு வெள்ளைக் கல்லும் காலி. அதே காலிப் புள்ளியில் வெள்ளை வைத்தால் கறுப்புக் கல் பிடிபடும், ஆனால் வைத்த வெள்ளைக் கல்லே இப்போது அடாரியில் நிற்கும், முந்தின படத்தில் பார்த்த அதே வடிவம். வெள்ளை இன்னொரு கல்லால் நான்காவது புள்ளியையும் மூடிவிட்டால் இரண்டு கண்ணும் நிஜக்கண், கூட்டம் பிழைத்தது. கறுப்பு விட்டுவிடுமா? திருப்பிப் பிடிக்கத்தான் பார்க்கும்.

இதன் விலையைப் போட்டுப் பாருங்கள். கணக்கில் புள்ளி என்றால் மதிப்பெண், கைதி (பிடித்த கல்) ஒன்றுக்கு ஒரு புள்ளி, அடைத்த காலி இடம் ஒன்றுக்கு ஒரு புள்ளி. கூட்டம் செத்தால் கறுப்புக்கு ஏழு கைதி, கூடவே அந்த ஏழு கல் நின்ற இடமும் இரண்டு கண் இடமும். பிழைத்தால் வெள்ளைக்கு இரண்டு கண் இடம், பிடித்த கல் ஒன்று. இரண்டுக்கும் இடையே சுமார் 20 புள்ளி வித்தியாசம். 13-க்கு 13 பலகையில் 20 புள்ளி என்றால் ஆட்டமே அதுதான். கோ சண்டையில் இறங்குமுன் இந்த ஒரு எண் கையில் இருக்கவேண்டும், தோராயமாக இருந்தால் போதும்.

இந்த நிலை எங்கள் பலகையில் அப்படியே வந்தது. அண்ணாச்சி வெள்ளை, பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருத்தன் கறுப்பு. முறை அண்ணாச்சிக்கு, அவர் கோவைப் பிடித்தார். தம்பி உடனே பிடிக்க முடியாது, மிரட்டல் வேண்டும். வலது கீழ் மூலையில் அண்ணாச்சிக்கு எட்டுக் கல் கூட்டம் ஒன்று இருந்தது, உயிருள்ளதுதான், ஆனால் கறுப்பு ஒரு கல் உள்ளே வைத்தால் ஒரு கண் ஆடும். தம்பி அங்கே வைத்தான். அண்ணாச்சி பதில் சொன்னார், சொல்லாமல் முடியாது, எட்டுக் கல் போய்விடும். தம்பி கோவைப் பிடித்தான். இப்போது அண்ணாச்சிக்கு மிரட்டல் வேண்டும், இடது ஓரத்தில் தம்பியின் இடத்துக்குள் ஒரு கல்லை நுழைத்தார், தம்பி அடைத்தான், அண்ணாச்சி கோவைப் பிடித்தார். தம்பி திரும்ப அந்த எட்டுக் கல் கூட்டத்தை வேறு பக்கத்திலிருந்து சீண்டினான். பதில் வந்தது, ஆனால் இந்த முறை அண்ணாச்சி சும்மா கண்ணை மட்டும் காப்பாற்றவில்லை, சீண்டிய கல்லையே பிடித்துவிட்டார். அதோடு அந்தப் பக்கம் மிரட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தம்பி கோவைப் பிடித்தான், அண்ணாச்சி இடது ஓரத்தில் இன்னொரு மிரட்டல், பதில், அண்ணாச்சி கையில் கோ.

தம்பி பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நடுவில் அண்ணாச்சியின் இரண்டு கல்லுக்கு அடாரி கொடுத்தான்.

"ஏலே, அந்த ரெண்டு கல்ல நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கோவை மூடினார்.

"அண்ணாச்சி, அது அடாரி, பாக்கலியா?"

"பாத்தேம்லே. நாலு புள்ளிக்கு இருவது புள்ளிய விடச் சொல்லுதியா?"

தம்பி இரண்டு கல்லைப் பிடித்துக்கொண்டான். கைதி இரண்டு, இடம் இரண்டு, மொத்தம் நாலு புள்ளி. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அடாரி என்றால் மிரட்டல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எதிராளி கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்த கல்லில் எனக்கு எவ்வளவு வரும், அது கோவின் விலையை எட்டுமா என்று கேட்டுக்கொண்டால்தான் அது மிரட்டலா இல்லையா என்று தெரியும். எட்டாவிட்டால் எதிராளி கோவை முடித்துவிடுவார், நீங்கள் கோழிக்குஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அதே அடாரி, மூன்று புள்ளி பெறுமான கோவில் என்றால் நல்ல மிரட்டல். ஆக மிரட்டலுக்கென்று தனியாக ஒரு அளவு கிடையாது. ஒவ்வொரு கோவுக்கும் புதிதாகத்தான் எண்ணவேண்டும்.

எண்ணுவது எப்படி என்றால், கோவின் விலையை எட்டுகிற மிரட்டல் எனக்கு எத்தனை, அவருக்கு எத்தனை. இருவருக்கும் சமமாக இருந்தால் கோவை முதலில் பிடித்தவர் ஜெயிப்பார், ஏனென்றால் முதலில் மிரட்டல் தேடவேண்டியவர் மற்றவர், கடைசியில் கையிருப்புத் தீர்ந்து நிற்பவரும் அவர்தான். இரண்டாவதாக வருகிறவருக்கு ஒன்று கூடுதலாக வேண்டும். மேலே சொன்ன ஆட்டத்தில் அண்ணாச்சிக்கு இரண்டு, முதலில் பிடித்ததும் அவர். தம்பிக்கு மூன்று வேண்டும், அவனிடம் மூன்று இருப்பதாகத்தான் அவனும் நினைத்தான், விலை போட்டுப் பார்த்தால் இரண்டுதான் தேறும். கோ தொடங்குமுன்பே முடிந்துபோன கணக்கு அது. இந்தச் சண்டையில் மூலை சும்மா ஒரு சாக்கு, ஜெயிப்பதும் தோற்பதும் மற்ற மூன்று மூலையிலும் நடுவிலும் நடக்கிறது.

அந்த மூன்றாவது மிரட்டல் தம்பியிடம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஆட்டத்தின் நடுவில், கோ வருவதற்கு ரொம்ப முன்பே, அண்ணாச்சியின் ஒன்பது கல் வரிசை ஒன்றை வெட்ட வழி இருந்தது. தம்பி அங்கே ஒரு அடாரி கொடுத்தான், அண்ணாச்சி இணைத்துக்கொண்டார். எதற்குக் கொடுத்தான்? கொடுக்க முடிந்ததால் கொடுத்தான். அப்போது அதனால் ஒரு லாபமும் இல்லை, வெட்டுகிற வழி போனதுதான் மிச்சம். அதை விட்டுவைத்திருந்தால் கோ சண்டையில் ஒன்பது கல்லுக்கான மிரட்டலாக வந்து நின்றிருக்கும், மூலையும் செத்திருக்கும். கையில் இருக்கிற அடாரியை எல்லாம் உடனுக்குடன் கொடுத்துத் தீர்க்கிற பழக்கம் புதியவர்களிடம் ரொம்பவே இருக்கிறது, எதிராளி பதறிப் பதில் வைப்பதைப் பார்க்க ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு விலை கோவில்தான் தெரியும். பதில் நிச்சயம் வரும், எனக்கு இப்போது லாபம் ஒன்றும் இல்லை என்கிற கல்லை வைக்காமல் விட்டுவிடுங்கள். அது எங்கேயும் ஓடிப்போகாது.

மிரட்டல்களிலும் தரம் உண்டு. நல்ல மிரட்டல் உங்களுக்கு ஒன்றும் நஷ்டம் வைக்காது, எதிராளி பதில் சொன்ன பிறகு நிலைமை பழையபடியே இருக்கும். சில மிரட்டல்கள் பதில் வந்ததும் உங்கள் இடத்தையே கெடுத்துவிட்டுப் போகும், அவருடைய பலவீனமான கூட்டத்தைப் பலப்படுத்திக் கொடுத்துவிடும். அந்த ரகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கோவை விட்டுவிடுங்கள். ஐந்து புள்ளி கோவுக்காக மிரட்டலிலேயே ஆறு புள்ளி இழந்து ஜெயித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்து உட்காருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், விலையை எட்டுகிற மிரட்டல்கள் பல இருந்தால் சின்னதை முதலில் செலவழியுங்கள், பெரியதைப் பிடித்து வையுங்கள் என்பது என் கட்சி. ஒரு கோ முடிந்ததும் ஆட்டம் முடிவதில்லை, இதைவிடப் பெரிய கோ ஒன்று பின்னால் வரலாம்.

பதில் சொல்கிற பக்கத்திலும் கெட்டிக்காரத்தனம் உண்டு, அண்ணாச்சி சீண்டிய கல்லைப் பிடித்தாரே, அது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று மிரட்டல் கிடைக்கும் என்றால், முதல் பதிலிலேயே மற்றதையும் சேர்த்து அடைக்கிற புள்ளியைத் தேடுங்கள். ஒரு புள்ளி குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. இன்னும் ருசியானது, அவர் மிரட்டலுக்குச் சொல்கிற பதிலே உங்கள் மிரட்டலாகவும் இருப்பது. அவர் அதற்குப் பதில் சொல்லவேண்டும், அதுவரை அவரால் கோவுக்குத் திரும்ப முடியாது.

தோற்கிற கோவிலும் காசு பார்க்கலாம், இதை யாரும் முதலிலேயே சொல்லித்தருவதில்லை. எதிராளி உங்கள் மிரட்டலைக் கண்டுகொள்ளாமல் கோவை முடிக்கிறார் என்றால் என்ன நடந்தது? வேறு ஒரு இடத்தில் உங்களுக்குத் தொடர்ந்து இரண்டு கல் வைக்கக் கிடைத்திருக்கிறது. சாதாரணமாக அப்படி ஒரு வாய்ப்பு எந்த எதிராளியும் தரமாட்டார். அதனால் மிரட்டல் தீரப்போகிறது, கோ போகப்போகிறது என்று தெரிந்தால் கடைசிக் கல்லை அடாரி கிடாரி என்று வீணாக்காமல், தொடர்ந்து இரண்டு கல் வைத்தால் எங்கே அதிகம் கிடைக்கும் என்று பார்த்து அங்கே வையுங்கள். 20 புள்ளி மூலையை விட்டு 15 புள்ளிக்கு ஒரு ஓரத்தை வாங்கினால் நஷ்டம் ஐந்துதான். தம்பிக்கு அன்று நஷ்டம் பதினாறு.

எப்போது கோ தொடங்கலாம்? ஆட்டத்தின் ஆரம்பத்தில் கோவுக்கு மிரட்டல் கிடையாது என்று ஜப்பானில் ஒரு பழமொழியே இருக்கிறது. பலகை காலியாக இருக்கும்போது மிரட்ட என்ன இருக்கிறது, கூட்டங்களே இன்னும் உருவாகவில்லையே. அதனால் ஆரம்பத்தில் பெரிய கோ வந்தால் முதலில் பிடித்தவருக்கே அனுகூலம், மற்றவர் கோவை விட்டுக்கொடுத்து வேறு இடத்தில் இரண்டு கல் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். நடு ஆட்டத்தில் நிலைமை மாறிவிடும், பலகை நிறைய அரைகுறைக் கூட்டங்கள், மிரட்டலுக்குப் பஞ்சமில்லை. கோ வரும் என்று வாசனை பிடித்துவிட்டால் அதற்கு முன்பே ஒரு சுற்று உங்கள் பலவீனங்களைப் பூட்டிக்கொள்வது நல்லது, வெட்டு வாய் இருக்கிற இடத்தை இணைப்பது, எதிராளியின் மிரட்டல் இரண்டை ஒரே கல்லில் அழிப்பது, இந்த மாதிரி. பார்க்கிறவருக்கு நீங்கள் சும்மா சோம்பலாக ஆடுவதாகத் தோன்றும்.

இன்னொன்று, கோவில் இருவருக்கும் பங்கு சமமாக இருக்கவேண்டும் என்றில்லை. மேலே பார்த்த மூலையில் வெள்ளைக்குக் கூட்டத்தின் உயிரே போகிறது. கறுப்பு தோற்றால்? வெளியே இருக்கிற கறுப்புச் சுவர் அப்படியே நிற்கும், கோவில் மாட்டிய ஒற்றைக் கல்லைத் தவிர ஒரு கல்லும் சாகாது, வரவேண்டிய லாபம் வரவில்லை, அவ்வளவுதான். தோற்றால் பெரிதாக இழக்க ஒன்றும் இல்லாதவருக்கு இந்தச் சண்டை பூப் பார்க்கப் போகிற மாதிரி என்று இதை ஹனமி கோ என்கிறார்கள். நீங்கள் அந்தச் சௌகரியமான பக்கத்தில் இருந்தால் தைரியமாகத் தொடங்குங்கள், உயிர் ஊசலாடுகிற பக்கத்தில் இருந்தால் கோ வராமலே பிழைக்க வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இந்த மூலையிலேயே வெள்ளை ஒரு கல் முன்கூட்டி வைத்திருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது.

கோவைப் பற்றிய பயம் மனிதர்களோடு நிற்கவில்லை. 2016 மார்ச்சில் சியோலில் கொரியாவின் இகோ வீரர் லீ செடோலும் ஆல்ஃபாகோ என்கிற கணினி நிரலும் மோதியபோது, முதல் இரண்டு ஆட்டத்தையும் நிரல் ஜெயித்ததும், அது கோ சண்டையை வேண்டுமென்றே தவிர்க்கிறது, கோவில்தான் அதன் பலவீனம் இருக்கிறது என்று ஒரு பேச்சு பரவியது. மூன்றாவது ஆட்டத்தில் கோ வந்தது. நிரல் அதை நிதானமாகச் சமாளித்து அந்த ஆட்டத்தையும் ஜெயித்தது, பேச்சும் அடங்கியது. லீ நான்காவது ஆட்டத்தை மட்டும் ஜெயித்தார், முடிவில் 4-1.

கோ பல வகை உண்டு, ஆரம்பத்தில் எல்லாம் வேண்டாம். பிடித்த உடனே முடித்துவிட முடியாமல், அதற்கு முன் வெளியிலிருந்து ஒன்றோ இரண்டோ கல் வைத்து நெருங்கவேண்டியிருக்கிற கோ ஒன்று உண்டு. நெருங்கவேண்டியவருக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு மிரட்டலை விட்டுக்கொடுப்பதற்குச் சமம், ஆகவே அந்தப் பக்கம் இருந்தால் அவசரப்படாதீர்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு கோ ஒரே நேரத்தில் இருந்தால் ஒன்றை அவர் பிடிக்க, மற்றதை நீங்கள் பிடிக்க, அந்தக் கூட்டம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், பலகையில் வேறு எங்காவது மூன்றாவதாக ஒரு கோ வந்தால் இந்த இரட்டைக் கோ தீராத மிரட்டல் சுரங்கம். மூன்றும் பெரியதாக இருந்து ஒருத்தரும் விடவில்லை என்றால் ஆட்டம் சுற்றிச் சுற்றி அதே நிலைக்கு வரும். ஜப்பானிய விதியில் அப்போது முடிவில்லை என்று அறிவித்துவிடுவார்கள், பலகையின் முழு நிலையும் திரும்ப வரவே கூடாது என்று நியூசிலாந்து விதியைப்போலச் சில விதிகள் அடியோடு தடுத்துவிடுகின்றன. 1582-இல் கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் ஜப்பானியப் படைத்தலைவர் ஓடா நொபுனாகா முன்னிலையில் நடந்த ஆட்டத்தில் மூன்று கோ வந்ததாகவும், அந்த இரவு முடிவதற்குள் அவர் காட்டிக்கொடுக்கப்பட்டு மாண்டதாகவும், அதனால் மூன்று கோ அபசகுனம் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நொபுனாகா அங்கே மாண்டது வரலாறு, மூன்று கோ கதைதான்.

கல்லில் ஆடுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைத் தொல்லையும் சொல்லவேண்டும். செயலியில் ஆடினால் இப்போது பிடிக்கக் கூடாத புள்ளியில் ஒரு சின்னக் கட்டம் காட்டும், மீறி வைத்தாலும் ஏற்காது. புளியங்கொட்டையில் அது கிடையாது. மிரட்டலும் பதிலுமாக நாலு சுற்றுப் போனதும் கோவைக் கடைசியாகப் பிடித்தது யார் என்று இருவருக்கும் சந்தேகம் வரும், கொட்டை வேறு வழுக்கும். எங்கள் கடையில் கோவைப் பிடித்தவர் "கோ" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று வைத்துக்கொண்டோம், தகராறு பாதியாகக் குறைந்தது.

ஆட்டம் முடிகிற நேரத்தில் வருகிற ஒற்றைக் கல் கோக்கள் வேறு ஜாதி. அங்கே கூட்டம் ஏதும் சாகப்போவதில்லை, ஒரு கைதி, அவ்வளவுதான். ஒருத்தர் ஜெயிக்க இரண்டு கல் செலவாகும், பிடிக்க ஒன்று, மூட ஒன்று. மற்றவருக்கு மூட ஒரு கல் போதும். ஆக வித்தியாசம் ஒரு புள்ளி, அதைத் தீர்மானிக்க மூன்று கல், ஒரு கல்லுக்கு மூன்றில் ஒரு பங்கு புள்ளி. பலகையில் இதைவிடச் சின்னதாக லாபம் எதுவும் கிடையாது, அதனால் மற்ற எல்லாம் முடிந்த பிறகே இதற்கு வாருங்கள். இதற்காக மிரட்டலில் ஒரு புள்ளிகூட இழக்கக் கூடாது. ஆனால் சின்னது என்று அலட்சியமாக விடவும் முடியாது. இரண்டாவதாக ஆடுகிற வெள்ளைக்கு ஈடாக ஜப்பானில் 6.5 புள்ளி தருகிறார்கள், அரைப் புள்ளியில் முடிகிற ஆட்டங்கள் நிறைய, கடைசி கோ யாருக்கு என்பதே முடிவாகிவிடும். ஜெயித்த பிறகு மறக்காமல் மூடிவிடுங்கள், திறந்து போட்டுவிட்டு முடிந்தது என்று எழுந்தால் எண்ணும்போது வம்பு.

இதைப் படித்து மட்டும் கை வராது. இரண்டு பேர் உட்கார்ந்து மேலே உள்ள மூலை நிலையை 13-க்கு 13 பலகையில் அப்படியே அடுக்குங்கள். மற்ற மூலைகளில் ஆளுக்கு இரண்டு பெரிய மிரட்டல் வருகிற மாதிரிக் கூட்டங்களை வையுங்கள், வெள்ளை முதலில் கோவைப் பிடிக்கட்டும், ஆடி முடியுங்கள். அப்புறம் வெள்ளையின் மிரட்டலில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்தை மாற்றிக்கொண்டு திரும்ப ஆடுங்கள், முதல் கல் விழுமுன்பே யாருக்கு மூலை என்று இருவரும் சொல்லிவிட்டு ஆடவேண்டும்.